மாமாவுக்கும் சேட்டுக்கும் ஆறு மாதம்

எங்கள் மாமா ஒரு கோடீஸ்வரரோடு சரிசமமாகத் தண்டனை வாங்கியவர். ஒன்பது வயதில் இதைத் தாராவியில் எங்கள் வரிசை வீடுகள் முழுக்க நான் சொல்லித் திரிந்தேன். கேட்டவர்களில் சிலர் சிரித்தார்கள், சிலர் அம்மாவைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள். இரண்டுக்குமே காரணம் தெரியாமல் நான் அடுத்த கதவைத் தட்டப் போனேன்.

மாமா, அம்மாவின் தம்பி. எங்களோடு ஒரே அறையில் இருந்துகொண்டு டாக்சி ஓட்டினார். வண்டி அவருடையதல்ல, சயானில் இருந்த ஒரு சர்தார்ஜியுடையது. மாமாவுக்கென்று இருந்தது ஒரு லைசென்சும், சட்டையில் குத்திக்கொள்ளும் பித்தளை பேட்ஜும்தான். அந்த பேட்ஜைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருப்பார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக ஸ்டீயரிங் பிடித்த கை அவருடையது என்று அம்மாவுக்குப் பெருமை. ஈஸ்டர் கழிந்ததும் அவருக்குக் கல்யாணம் என்று ஊரில் பேசி வைத்திருந்தார்கள். பெண் வீட்டாரிடமும் அம்மா அந்த லைசென்சைத்தான் சொல்லியிருந்தாள்.

மாமா குடிக்கமாட்டார். அப்போது பம்பாயில் மதுவிலக்கு. அதனால் குடிப்பவர்கள் இல்லை என்று அர்த்தமில்லை; எங்கள் பக்கம் சந்துக்குச் சந்து சாராயம் கிடைத்தது. மாமா அந்தச் சந்துகளுக்குள் போகிறவரில்லை. ஆனால் கிறிஸ்மஸுக்கு அம்மா போடும் திராட்சை ரசம் வேறு விஷயம். பக்கத்து அறை கோவாக்கார ஆன்ட்டி அதை அம்மாவுக்குக் கற்றுக்கொடுத்திருந்தாள். கறுப்புத் திராட்சை, சீனி, ஒரு பிடி கோதுமை, பட்டை, கிராம்பு எல்லாவற்றையும் ஊறுகாய் ஜாடியில் போட்டு, வாயை வெள்ளைத் துணியால் கட்டிவிட்டால், நவம்பர் பிறந்ததும் அது கட்டிலுக்கடியில் போய்விடும். எங்கள் வீட்டில் யாரும் அதை மது என்று நினைத்ததே இல்லை. முறுக்கு, அதிரசத்தோடு சேர்ந்த பண்டிகைப் பலகாரம் அது. கோவிலில் திருவிருந்துக்குக் கொடுக்கிறார்களே, அதற்கு இது ஒரு வகையில் சொந்தம். பாட்டுப் பாடி ஜெபம் பண்ண வரும் போதகருக்கும் ஒரு டம்ளர் உண்டு. அம்மா இரண்டாவது ஊற்றும்போது அவர் தடுத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

அந்த வருஷம் கிறிஸ்மஸ் அன்று ஆராதனை முடிந்து வந்த மாமா, ஆட்டுக்கறியும் சோறும் சாப்பிட்டுவிட்டு மூன்று டம்ளர் ரசம் குடித்தார். மூன்றாவதை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். சிந்தாமல் கொண்டு வந்ததற்காக என் கன்னத்தைத் தட்டினார். பண்டிகை நாளில் சவாரி நன்றாகக் கிடைக்கும் என்று வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மாட்டுங்கா சர்க்கிளில் திரும்பும்போது ஒரு கைவண்டிமேல் மோதினார். வண்டி இழுத்து வந்தவரின் வலது பாதத்தில் சக்கரம் ஏறி எலும்பு நொறுங்கியது. மாமா ஓடிப் போகவில்லை. அவரைத் தூக்கித் தன் டாக்சியிலேயே போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். அங்கே டாக்டர் முதலில் கைவண்டிக்காரரின் காலைப் பார்த்தார். அப்புறம் மாமாவின் வாயை மோந்து பார்த்தார். ரத்தம் எடுத்தார்கள்.

குடிக்கவே இல்லை, திராட்சை ரசம்தான் என்று போலீஸாரிடம் சொல்ல வாயெடுத்தவர் அப்படியே நிறுத்திக்கொண்டாராம். எங்கே, யார் போட்டது என்பது அடுத்த கேள்வியாக இருக்கும். வீட்டில் ஊற வைத்தவளையும் பிடித்து உள்ளே போடுகிற சட்டம் அது. அதற்குப் பிறகு யார் எத்தனை தரம் கேட்டாலும் மாமாவிடம் ஒரே பதில்தான். ஏதோ ஒரு சந்து, பெயர் தெரியாத ஆள், சாராயம் வாங்கிக் குடித்தேன், தப்புத்தான். அன்று சாயங்காலமே அம்மா ஜாடியைச் சாக்கடையில் கவிழ்த்தாள். அழுதுகொண்டே கவிழ்த்தாள். ஜாடி என்ற சொல்லையே இனி வாயில் எடுக்கக் கூடாது என்று எனக்கு உத்தரவு.

மாமா சாராயக் கடையில் பிடிபட்டதாகச் செய்தி கோவில் வரை போயிற்று. அவர் குடியிலிருந்து விடுபட வேண்டும் என்று போதகர் எங்கள் வீட்டில் முழங்காலில் நின்று நெடுநேரம் ஜெபித்தார். மாமாவும் கூடவே முழங்காலில் நின்று ஆமென் சொன்னார். அம்மா போதகருக்குத் தேநீர் கொடுத்தாள்.

பிப்ரவரிக் கடைசியில் கேஸ் வந்தது. அப்பா என்னையும் கோர்ட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பம்பாய்க்கு வந்து பன்னிரண்டு வருஷம் ஆகியும் அப்பாவின் இந்தி அவர் வேலை பார்த்த ஒர்க்‌ஷாப்பைத் தாண்டி வெளியே வந்ததில்லை. நானோ முனிசிபல் பள்ளியில் மராத்தி படித்தேன், தெருவில் இந்தியில் சண்டை போட்டேன். ஆகவே அன்று நான் மொழிபெயர்ப்பாளர். புதுப் பாவாடை கட்டிக்கொண்டேன்.

மாமாவுக்கு முன்னால் ஒரு சேட்டின் கேஸைக் கூப்பிட்டார்கள். பஞ்சாலை முதலாளி, மலபார் ஹில்லில் வீடு என்று பக்கத்திலிருந்த கான்ஸ்டபிள் சொன்னார். ஒரு விருந்தில் குடித்துவிட்டு, டிரைவரைப் பின் சீட்டில் உட்கார வைத்துத் தானே காரை ஓட்டி, வர்ளியில் பால் பூத் ஒன்றின் மேல் ஏற்றிவிட்டார். உள்ளே இருந்த பெண்ணுக்குக் கை முறிந்தது. ஒருவர் கால், ஒருவர் கை. குற்றத்திலும் இருவரும் சமமாகத்தான் இருந்தார்கள்.

சேட்டிடம் பெர்மிட் இருந்தது. உடம்புக்கு அவசியம் என்று டாக்டர் எழுதிக்கொடுத்தால், பணம் கட்டிக் குடிப்பதற்கு வாங்கும் அட்டை. எங்கள் வீட்டில் ரேஷன் கார்டு மட்டும்தான் இருந்தது. அதனால் சேட்டு குடித்தது குற்றமில்லை, ஓட்டியதுதான் குற்றம். மாமாவுக்கு இரண்டும் குற்றம். எங்கே குடித்தாய் என்று மாஜிஸ்திரேட் கேட்க, மாமா அதே பொய்யைச் சொன்னார். பைபிளைத் தொட்டுப் பொய் சொல்கிறாரே என்று நான் பதறிப்போய் அப்பாவின் சட்டையை இழுத்தேன். அப்பாவின் உள்ளங்கை முழுதாக என் வாய்மேல் வந்து விழுந்தது.

மாஜிஸ்திரேட் நல்ல மனிதர். இன்றும் எனக்கு அவர்மேல் குறை இல்லை. பெர்மிட் இல்லாமல் குடித்ததற்கு மாமாவைச் சிறைக்கு அனுப்பியிருக்கலாம். பண்டிகை நாள், முதல் தடவை, அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார் என்று, கோர்ட் கலையும் வரை அங்கேயே இருந்தால் போதும் என்று விட்டார். குடித்து ஓட்டியதற்கு இருவருக்கும் ஒரே அபராதம், இருவருக்கும் ஆறு மாதம் லைசென்ஸ் ரத்து. இந்தக் கோர்ட்டில் பெரியவர் சின்னவர் கிடையாது என்று இந்தியில் உரக்கச் சொன்னார். எனக்குப் புல்லரித்துவிட்டது. அப்பாவின் காதில் அதை வார்த்தை விடாமல் சொன்னேன். அப்பா தலையை மட்டும் ஆட்டினார்.

சேட்டுக்கு அபராதத்தைக் கட்டச் சட்டைப்பையில் இருந்ததே போதுமாயிருந்தது. அப்பா ஒர்க்‌ஷாப்பில் முன்பணமாக வாங்கி வந்ததைக் கைக்குட்டையிலிருந்து அவிழ்த்தார். மாமா லைசென்சைக் கொடுத்தார். பேட்ஜையும் கேட்டார்கள். சட்டையிலிருந்து அதைக் கழற்ற ஊக்கு வரவில்லை. கான்ஸ்டபிள்தான் கழற்றிக் கொடுத்தார்.

கோர்ட் கலையும் வரை மாமா வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், நாங்களும் கூட இருந்தோம். தன் வக்கீலுக்காகக் காத்திருந்த சேட்டு எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நல்ல சிரித்த முகம். மாமாவின் தோளைத் தட்டி, உனக்கும் ஆறு மாதமா என்று விசாரித்தார். நீ டாக்சிக்காரனாச்சே, என் டிரைவர் ஊருக்குப் போகிறான், ஆறு மாதத்துக்கு எனக்கு ஓட்ட ஆள் வேண்டும், வந்துவிடேன் என்றார். கேலியாகச் சொல்லவில்லை, உதவி செய்யத்தான் சொன்னார். மாமா எழுந்து நின்று, "மேரா பீ லைசென்ஸ் கயா, சாப்" என்றார், என் லைசென்சும் போய்விட்டது ஐயா என்று. சேட்டு தன் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார். சரி, காரைக் கழுவித் துடைக்கவாவது வா என்று விலாசம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

திரும்பும்போது ரயிலில் அப்பா அடக்கி வைத்திருந்தது வெளியே வந்தது.

"நல்ல நியாயம்ல இது! அவருக்கு லைசென்ஸ் போனா பின்னால உக்காந்து போவாரு. உனக்குப் போனா அடுப்பு எரியாது. இதுல ரெண்டு பேரும் ஒண்ணாம்!"

மாமா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த மனுசன் கால ஒடிச்சது நான்தான அத்தான். எனக்கு ஆறு மாசம் அதிகமின்னு எப்படிச் சொல்லுவேன்? சேட்டுக்கும் அதே ஆறு மாசம் போதுமான்னுதான் எனக்குச் சொல்லத் தெரியல."

இந்தப் பேச்சு எனக்கு அலுப்பாக இருந்தது. நான் சேட்டின் மோதிரங்களை மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். வீட்டு வாசலை மிதிக்கும் முன்பே, மாமாவுக்குக் கோடீஸ்வரர் வீட்டில் வேலை கிடைத்துவிட்டது என்று கத்தினேன்.

சர்தார்ஜி வண்டியை ஆறு மாதம் சும்மா நிறுத்தி வைக்க முடியாது என்று வேறு ஒருவரிடம் கொடுத்தார். ஊரிலிருந்து பெண் வீட்டாரின் இன்லண்ட் கடிதம் வந்தது. குடிகாரனுக்கு, அதுவும் தொழில் போனவனுக்குப் பெண் கொடுப்பதற்கில்லை என்று எழுதியிருந்தார்கள். உண்மையை எழுதிப் போடுகிறேன் என்று அம்மா கிளம்பினாள். "எழுதி அது யார் கையிலயாவது கெடச்சா? பேசாம இரு, அக்கா" என்று மாமா காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டார். தினமும் காலையில் பஸ் பிடித்து மலபார் ஹில் போய்க் கார் கழுவினார். டாக்சியில் கிடைத்ததில் பாதிகூட வரவில்லை. ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்து அந்தக் கைவண்டிக்காரர் வீட்டுக்கு எதையாவது வாங்கிக்கொண்டு போய்வந்தார். அவர் கால் சேர்ந்தும் சரியாகச் சேரவில்லை. அவருக்கு எத்தனை மாதம் என்று எந்தக் கோர்ட்டிலும் யாரும் சொல்லவில்லை.

மூன்றாவது டம்ளரைக் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான். இதை எழுதும்போதும் எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வயதில் அப்படி ஒரு நினைப்பே வரவில்லை. மாமா தினமும் பார்க்கும் அந்தப் பெரிய காரை நானும் பார்க்க வேண்டும் என்பதுதான் என் கவலையாக இருந்தது.

ஜூலையில் ஒருநாள் மழைக்காகப் பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள். நச்சரித்து மாமாவோடு கிளம்பிவிட்டேன். மேட்டின் மேல் வீடு, கீழே கடல். போர்ட்டிகோவில் நீளமான பச்சை நிறக் கார். மழையில் முந்தின நாள் அப்பிய சேற்றை மாமா கழுவினார், துணி போட்டுத் துடைத்தார், என் முகம் தெரிகிற அளவுக்குத் துடைத்தார். என்னை ஒரே ஒருமுறை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தார். அவர் உட்காரவில்லை. கொஞ்ச நேரத்தில் சீருடை போட்ட புது டிரைவர் வந்து ஏறிக்கொண்டார்.

சேட்டு வெளியே வந்தார். கார்க் கதவருகே வந்ததும் மாமாவைப் பார்த்து நின்றார். பழைய சிநேகிதனிடம் கேட்பதுபோல இந்தியில் கேட்டார்.

"என்னப்பா, நம்ம ரெண்டு பேருக்கும் இன்னும் எத்தனை நாள் பாக்கி?"

"நாற்பத்திரண்டு நாள், சாப்" என்றார் மாமா.

"அரே, அவ்வளவுதானா? நாள் போனதே தெரியவில்லை!" என்று சிரித்தபடி சேட்டு பின் சீட்டில் சாய்ந்துகொண்டார். கார் மழைக்குள் இறங்கிப் போயிற்று. மாமா துணியைப் பிழிந்து வாளியின் விளிம்பில் போட்டார்.

எனக்கு வீடு வரும்வரை பொறுக்க முடியவில்லை. அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு பெரிய சேட்டுக்கே தெரியவில்லை, நம் மாமாதான் சொன்னார், விரல்கூட மடக்கவில்லை, கேட்டவுடனே பட்டென்று சொல்லிவிட்டார் என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். மாமா கணக்கில் இத்தனை கெட்டி என்று யாரும் என்னிடம் சொன்னதே இல்லையே என்றும் கேட்டேன். அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மாமாவைப் புகழ்ந்துதானே சொன்னோம், இதற்கு ஏன் அழுகிறாள் என்று எனக்குக் கோபமாக வந்தது.