ஜெயவேல் வீடு

எவர்சில்வர் குடத்தில் பேர் வெட்டித் தருகிறார்களே, பட்டுப்புடவையில் பேர் நெய்து தந்தால் என்ன என்று அப்பாவுக்கு ஒரு கல்யாணப் பந்தியில் தோன்றியது. முந்தானையில் மயில் இருக்கும், மாங்காய் இருக்கும். மணமக்கள் பேரை நெய்து எங்கள் தெருவில் அதுவரை யாரும் பார்த்ததில்லை. அப்பா ஆரணியில் முதலாளி கொடுத்த பட்டுநூலைக் கூலிக்கு நெய்துவந்தவர். சொந்தமாக ஒன்று தோன்றியது அவருக்கே அதிசயமாக இருந்திருக்க வேண்டும். எச்சில் கையோடு அம்மாவைத் தேடிப் போய்ச் சொன்னாராம்.

தேசூர்ப் பக்கத்து நெல் வியாபாரி ஒருவர், தன் மகள் கல்யாணத்துக்கு அப்படியொரு புடவை வேண்டும் என்றார். வெறும் வாய்ப்பேச்சுதான். அப்பாவுக்கு அது போதுமானதாக இருந்தது. பட்டும் ஜரிகையும் வாங்குவதற்காக எங்கள் கறவை மாடு சந்தைக்குப் போனது. மறுநாளிலிருந்து வீட்டில் எல்லாருக்கும் வரக்காப்பி.

அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், அவ்வளவுதான். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. கடைசியாகப் படித்ததும் அதுதான். கட்டம் போட்ட கணக்கு நோட்டில் 'ஜெயவேல் – சாந்தி' என்று பெரிதாக எழுதச் சொன்னார். ஒரு கட்டத்துக்கு இத்தனை இழை என்று வைத்துக்கொண்டு, அம்மா விரலால் இழைகளைத் தூக்கிக் கொடுக்க, அப்பா ஜரிகையைச் செருகினார். 'ஜ'வுக்கு நான் ஆசையாகப் போட்ட கூடுதல் சுழிகூட அப்படியே முந்தானையில் ஏறியது. உள்ளங்கை அகல எழுத்துகள். பள்ளிக்கூடத்தில் அது என் எழுத்து என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது வியாபாரி வந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

“மாப்ள மாறிட்டாருப்பா. பேச்சுல தகராறு வந்து அவங்க எழுந்து போயிட்டாங்க. என் மச்சான் பையனே கட்டிக்கிறேன்னுட்டான்.”

“பொண்ணு பேரு சரியாத்தானே கீதுங்க?” என்றார் அப்பா.

வியாபாரி அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு புடவையை வாங்காமலே போய்விட்டார்.

அன்று தொடங்கியது வெட்கம். அப்பா தெருவில் இறங்கினால், “இன்னாபா, ஜெயவேலுக்குக் கல்யாணம் எப்போ?” என்பார்கள். “அடுத்த பொடவையில மாப்ள பேருக்கு எடத்த காலியா வுட்டுடு, தாலி ஏறினப்புறம் நெய்யலாம்” என்று ஒருவர் யோசனை சொன்னார். பள்ளிக்கூடத்தில் என் பேரே ஜெயவேலு ஆகிவிட்டது. என் எழுத்து என்று சொன்ன வாயை மூடிக்கொண்டேன். அப்பா ஊசியை எடுத்துப் பேரை உருவ உட்கார்ந்தார். அம்மா புடவையைப் பிடுங்கிக்கொண்டாள். “உருவுனா தழும்பு தெரியும். வுடுங்க.”

ஆடி வெள்ளிக்குப் படவேட்டு அம்மன் கோயிலுக்குக் கிளம்பியபோது அம்மா அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

“எவனோ ஒருத்தன் பேர போட்டுகினு கோயிலுக்கு வருவியா?”

“மாடு போயிடுச்சு. இத பொட்டியில வெச்சுப் பூட்டினா பால் கறக்குமா?”

அப்பா தேங்காய்ப் பையை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து முன்னால் நடந்தார். நடை வேகத்தைப் பார்த்தால் எங்களோடு வந்தவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

கோயில் வரிசை நகரவே இல்லை. எல்லாப் பெண்களும் முந்தானையை இடுப்பில் செருகியிருக்க, அம்மா மட்டும் விரித்துத் தொங்கவிட்டிருந்தாள். நான் அதைச் சுருட்டிக் கைக்குள் வைத்துக்கொண்டேன். கூட்டத்தில் தொலைந்துவிடுவேன் என்று பயந்து பிடித்திருப்பதாகத்தான் பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். அம்மா திரும்பாமலே முந்தானையை உருவி மறுபடி விரித்துவிட்டாள். நான் மறுபடி சுருட்டினேன்.

பின்னால் நின்ற தெள்ளார்க்காரம்மா ஒருத்தி குனிந்து பார்த்தாள். “டேய் கண்ணு, கைய எடுறா. படிக்க வுடு.”

எடுத்தேன். வரிசைக்கே கேட்கும்படி எழுத்துக்கூட்டிப் படித்தாள். “உன் வூட்டுக்காரரு பேராம்மா?”

அம்மா கட்டிய கணவன் பேரை வாயால் சொல்லாதவள். எங்கள் பக்கத்தில் அவள் வயதுப் பெண்கள் யாரும் சொல்வதில்லை. அந்த வழக்கம் அன்றைக்கு நல்ல வசதியாகப் போயிற்று. தலையைக் குனிந்து சிரித்தாள்.

“அடிசக்கை! புருசன் மேல ஆசைய பாரு!” வரிசையே சிரித்தது. தேங்காய்ப் பையோடு நின்ற அப்பா, பம்பைக்காரர்கள் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“எங்க வூட்லயே நெய்யறோம், ஆரணியில. உங்க பொண்ணுக்கு வேணுமாக்கா?” என்று அம்மா கேட்டது என் காதில் விழுந்தது. அந்தப் பேச்சை எப்படியாவது நிறுத்த வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. திரும்பும் பஸ்ஸில் அவள் பக்கத்தில் நான் உட்காரவில்லை.

ஆவணியில் அந்தத் தெள்ளார்க்காரம்மா புருஷனையும் மகளையும் இட்டுக்கொண்டு வந்துவிட்டாள். தெருமுனையிலேயே அவள் குரல் கேட்டது. “ஜெயவேல் வூடு எதுங்க?”

எங்கள் தெருவில் அந்தப் பேரில் ஒருவரும் இல்லை. ஆனால் கேட்ட உடனே எல்லாக் கைகளும் எங்கள் வீட்டைக் காட்டின.

அப்பா தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்திருந்தார். வந்தவர் கும்பிட்டார். “ஜெயவேலுங்களா?”

அப்பா தன் பேரைச் சொல்லுவார் என்று காத்திருந்தேன். அவர் அம்மாவைப் பார்த்தார்.

“ஆமாங்க. உள்ள வாங்க. சாந்தி, தண்ணி கொண்டா.”

அது தன் பேர் இல்லையே என்று அம்மா ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. சொம்போடு வந்தாள். அவர்கள் மகள் பேரும் மாப்பிள்ளை பேரும் சொல்லி, முகூர்த்தமும் சொல்லி, முன்பணமும் கொடுத்தார்கள். பிறகு தெள்ளார்ப் பக்கமிருந்து எத்தனையோ பேர் அதே பேரைக் கேட்டுக்கொண்டு வந்தார்கள். அன்றைக்கு அதெல்லாம் தெரியாதே. சொந்தப் பேரைச் சொல்ல முடியாத அப்பா நமக்கு வாய்த்தாரே என்று கதவுக்குப் பின்னால் நின்று குன்றிப்போயிருந்தேன்.

அவர்கள் தெருவைத் தாண்டியதும் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“இன்னா ஜெயவேலு, சோறு துன்றியா, இல்ல தறியிலயே குந்திகினு இருக்கப் போறியா?”

அப்பா நெய்வதை விட்டுவிட்டுச் சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வெட்கம் கெட்டவர்கள் என்று நினைத்து நான் தெருவுக்குப் போய்விட்டேன். அம்மா அப்பாவை ஒரு பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.