டெலிபோன் போர்டும் மேனேஜர் தெலுங்கும்

டெலிபோன் ஆபரேட்டர் வேலை கிடைக்க நல்ல காது வேண்டும். அதில் நிலைக்க, எதுவுமே காதில் விழாத மாதிரி ஒரு முகம் வேண்டும். எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில் ஆபீஸில், பிரசவ லீவில் போன கோமதி அக்காவுக்குப் பதிலாக என்னைத் தற்காலிகமாகப் போர்டில் உட்கார வைத்தார்கள். அக்கா திரும்பி வந்துவிட்டால் நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் வீட்டோடு இருக்க வேண்டியதுதான். அப்பா என் ஜாதகத்தைத் தூசி தட்டி வைத்துக்கொண்டு அதற்காகவே காத்திருந்தார். எனக்கோ அந்த வேலை மேல் உயிர். ஆபீஸில் குப்பை கொட்டும் சகோதர சகோதரிகளே, அங்கே நான் முட்டி மோதிக் கற்றதில் கொஞ்சம் உங்களுக்கு.

கத்துகிறவரைக் கத்த விடுங்கள்

அருப்புக்கோட்டை நூல் வியாபாரி ஒருவர் ட்ரங்க் காலில் வந்தார். நூல் போய்ச் சேரவில்லை, தறியெல்லாம் சும்மா கிடக்கிறது. டெஸ்பாட்ச் ஆள் சாப்பிடப் போயிருந்தார், மேனேஜர் மில்லுக்குள் இருந்தார். அகப்பட்டவள் நான். எங்கள் கம்பெனியின் பரம்பரையையே இழுத்து வைத்துப் பேசினார். "எங்க மேல தப்பில்ல" என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிவிட்டு, அவர் மூச்சு வாங்கும்போதெல்லாம் "ஆமா அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னேன். போகப் போகக் குரல் இறங்கியது. கடைசியில் சொன்னார்:

"எம் பொஞ்சாதிகூட நான் பேசுறதை இம்புட்டு நேரம் கேட்டதில்ல தாயி. நூலு நாளைக்கு வந்தாப் போதும்."

பொய் தீர்ந்துபோனால் உண்மையைச் சொல்லுங்கள்

இன்னொரு தடவை லேட்டாக வந்தால் மெமோ என்று மேனேஜர் எச்சரித்திருந்தார். தற்காலிகமாக இருப்பவளுக்கு மெமோ என்றால் வீட்டுக்குப் போ என்று அர்த்தம்.

மறு வாரமே, பஸ்ஸுக்குக் கிளம்பித் தெருவில் இறங்கினால் எனக்கு முன்னால் சாமி புறப்பாடு. சாமியை முந்திக்கொண்டு போகக் கூடாது என்று அம்மா வாசலிலிருந்தே கண்ணை உருட்டினாள். பின்னாலேயே நடந்தேன். வீட்டுக்கு வீடு தேங்காய் உடைத்தார்கள். நாயனக்காரர் முக்குக்கு முக்கு நின்று, அவசரமே இல்லாமல் வாசித்தார். நல்ல வாசிப்புதான், ரசிக்கிற நிலையில் நான் இல்லை.

ஆபீஸுக்குப் போய்ச் சேர்ந்தபோது மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். பஸ் பஞ்சர், ரயில்வே கேட் அடைப்பு எல்லாம் ஏற்கெனவே சொல்லித் தீர்ந்துவிட்டதால் நடந்ததைச் சொன்னேன். சுவர்க் காலண்டரில் இருந்த ஆண்டாளைச் செத்த நேரம் பார்த்தார் மனுஷன்.

"ஆண்டாளுக்கு எப்படிம்மா மெமோ குடுக்கிறது? போய் போர்டுல உக்காரு."

தெரிந்ததைக் காட்டிக்கொள்ளாதீர்கள்

மேனேஜருக்கும் அக்கவுண்டன்டுக்கும் வீட்டில் தெலுங்கு. எனக்குத் தெரியக் கூடாத விஷயம் வந்தால், என் முன்னாலேயே தெலுங்குக்குத் தாவிவிடுவார்கள். அவர்கள் வீட்டம்மாக்கள் போன் செய்தால், லைன் சரியாகக் கேட்கிறதா என்று ஒரு நொடி காது கொடுத்துப் பார்ப்பது எங்கள் வேலை. அந்த ஒவ்வொரு நொடியாகச் சேர்ந்து எனக்குத் தெலுங்கு வந்துவிட்டது. இது யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் மெஷின் விற்கிற ஏஜென்ட் ஒருவர், மேனேஜரைப் பார்க்க வரலாமா என்று போனில் வந்தார். வந்து உட்கார்ந்தால் எழுந்திருக்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. போர்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்த மேனேஜர், தான் இல்லையென்று என்னைச் சொல்லச் சொல்லும்படி அக்கவுண்டன்டிடம் தெலுங்கில் சொன்னார். அவர் அதைத் தமிழாக்கி எனக்குச் சொல்வதற்குள் நான், "சார் வெளிய போயிருக்காங்க" என்று போனை வைத்துவிட்டேன். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அக்கவுண்டன்ட்தான் மெச்சிக்கொண்டார்:

"நம்ம பிள்ளைக்கு ஊகம் ஜாஸ்தி சார்."

அழுகை வந்தால் பஞ்சு மேல் பழியைப் போடுங்கள்

கோமதி அக்கா திரும்பி வருகிற வாரமும் வந்தது. என் டிபன் பாக்ஸையும் குடையையும் வீட்டுக்குக் கொண்டுபோக எடுத்து வைத்துவிட்டேன். அன்று மேனேஜர் தன் அறையை விட்டு வெளியே வந்து, போர்டுக்கு நேர் முன்னால் நின்றுகொண்டு, அக்கவுண்டன்டிடம் தெலுங்கில் பேசினார். கோமதி டெஸ்பாட்சுக்குப் போகிறேன் என்று அவளே கேட்டிருக்கிறாள். இந்தப் பெண் போர்டிலேயே நிரந்தரமாக இருக்கட்டும். முதலாளி கோயமுத்தூரிலிருந்து வந்து கையெழுத்துப் போடும்வரை வெளியே மூச்சு விடாதீர்கள்.

முகத்தை எவ்வளவு நேரம்தான் மரமாக வைத்திருப்பது? கண் தளும்பிவிட்டது. "என்னம்மா ஆச்சு?" என்று அக்கவுண்டன்ட் பதறினார். "பஞ்சுத் தூசி சார்" என்றேன். அவர் நம்பி, ஜன்னலைச் சாத்தப் போனார். மேனேஜர் என் பக்கம் குனிந்து மெல்லச் சொன்னார்:

"ஏஜென்டை நீ அனுப்பிவிட்ட அன்னைக்கே எனக்குத் தெரியும். முதலாளி கையெழுத்து இல்லாம தமிழ்ல சொல்ல எனக்கு அதிகாரம் இல்லம்மா, அதான் தெலுங்குல சொன்னேன்."

அதற்கப்புறம் அவர்கள் இருவரும் ரகசியம் பேச மொட்டை மாடிக்கு ஏற வேண்டியிருந்தது என்பதுதான், என்னை நிரந்தரமாக்கியதில் கம்பெனிக்கு ஏற்பட்ட ஒரே நஷ்டம்.