சக்களத்தி சம்பால்

போன ஞாயிற்றுக்கிழமை மருமகள் அடுப்பில் தேனைச் சூடாக்கிக்கொண்டிருந்தாள். கைப்பேசியில் யாரோ ஒரு பெண் செய்வதைப் பார்த்துப் பார்த்து, பாக்கெட்டில் வந்த உடைத்த மிளகாயை அதில் கொட்டிக் கிளறினாள்.

“ஹாட் ஹனி, மாமா. பொரிச்ச கோழிமேல ஊத்திச் சாப்பிடணும். இப்ப கேஎல் டவுன் ஃபுல்லா இதான் லா,” என்றாள்.

ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. புளிப்பு போதவில்லை என்று சொல்ல வாய்வரை வந்தது, சொல்லவில்லை. சமையலறை வாசலில் நின்று கருத்துச் சொல்லும் கிழவர்களை எனக்கே பிடிக்காது.

சூடான தேனில் லேசாக ஒரு மெழுகு வாசனை இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? அது மூக்கில் ஏறியதும் கோலா சிலாங்கூர் வீடு மறந்துபோயிற்று. சபாக் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருந்த எங்கள் ரப்பர் தோட்டத்து லயம், ஒட்டி ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீட்டு வரிசை, நினைவுக்கு வந்தது.

அப்பா அங்கே மண்டோர், ஆட்களை வேலை வாங்கும் கங்காணி. அவருக்கு இரண்டு மனைவிகள். அம்மா ஒரு வீட்டில், பாக்கியம் என்ற இன்னொருவர் சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டில். பாக்கியத்துக்குப் பிள்ளை இல்லை. எனக்கு அவர் சின்னம்மா முறை. ஆனால் நான் ஒருநாளும் அப்படி அழைத்ததில்லை. ஏதாவது வேண்டுமென்றால் “இந்தாங்க” என்பேன். அவரும் அதுதான் தன் பெயர் என்பதுபோலத் திரும்பிப் பார்ப்பார்.

அப்பா இருந்தவரை இரு பெண்களும் பேசிக்கொண்டதில்லை. அவர் போன மறுவருஷம் வேலியோரம் அம்மா போட்டிருந்த சிலிபாடி அளவுக்கு மீறிக் காய்த்தது. அந்தச் சின்ன மிளகாய்க்கு இருக்கும் காரம் உங்களுக்குத் தெரியும். பாக்கியத்திடம் தேன் இருந்தது. பக்கத்து மலாய்க் கிராமமான கம்பத்திலிருந்து ஜாவாக்காரர் ஒருவர் கோழிக்கு மாற்றாகத் தேன் கொடுத்துவிட்டுப் போவார். ஒரு நாள் அம்மா இடித்த மிளகாயைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டு வாசலில் போய் நின்றார்.

“கொஞ்சம் தேன் ஊத்து, பாக்கியம். காரம் தாங்கல.”

அம்மா அந்தப் பெயரைச் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன்.

அப்படித் தொடங்கியது. காய்ந்த மிளகாயை வெறும் சட்டியில் வறுத்து, இஞ்சியும் உப்பும் சேர்த்து இடிப்பது அம்மா. தேன் பாட்டிலை வெந்நீரில் நிற்க வைத்து இளக்கி, இடித்ததைக் கலந்து, எலுமிச்சை பிழிந்து, வெயிலில் வைத்து எடுப்பது பாக்கியம். அவித்த மரவள்ளிக்கிழங்குக்கு அதைப்போல ஒன்று கிடையாது. லயத்துக்காரர்கள் சும்மா இருப்பார்களா? மிளகாய்த் தொக்குக்கு மலாயில் சம்பால் என்று பெயர்; இதற்குச் சக்களத்தி சம்பால் என்று பெயர் வைத்துவிட்டார்கள். இரு பெண்களும் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். எனக்குத்தான் உடம்பு கூசியது. நான் ஆங்கிலப் பள்ளியில் படித்தவன், கோலா சிலாங்கூரில் ஓர் அலுவலகத்தில் எழுத்தர், வாடகை அறைக்காரன், சனிக்கிழமை மட்டும் தோட்டத்துக்கு வருகிறவன்.

அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு ஆளுக்கு இரண்டு பாட்டில் விற்கலாம் என்று என்னிடம் கொடுத்தனுப்பினார்கள். மேலே ஒட்ட ஒரு பெயர் வேண்டுமே. என் இலக்கிய அறிவைக் காட்ட, தேனுக்குப் பழைய பெயரான ‘மது’ என்று எழுதலாமா என்று யோசித்தேன். கள்ளுக்கடைக் கூட்டம் மூடியைத் திறந்துவிடும் என்று விட்டுவிட்டேன். மலாயில் ‘மடு பெடாஸ்’ என்று எழுதினேன். மடு என்றால் தேன்; பெடாஸ் என்றால் காரம். பெரிய புத்திசாலித்தனம் என்று நினைப்பு.

பக்கத்து மேசை மலாய்க்காரப் பெண் கக் ரொக்கியா, அதாவது ரொக்கியா அக்கா, அதைப் படித்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஒரு புருஷனைப் பங்குபோட்ட இன்னொரு மனைவிக்கும் மலாயில் மடு என்றுதான் பெயர். எனக்குத் தெரியாததல்ல, எழுதும்போது தோன்றவில்லை. காரமான சக்களத்தியை யார் செய்தது என்று அவர் விளையாட்டாகக் கேட்டார். அம்மா என்றேன். அம்மா தனியாகவா, இத்தனை பாட்டிலா என்றார். கூட ஒரு வேலைக்காரி இருக்கிறாள் என்றேன்.

இத்தனை வருஷம் கழித்தும், அது யோசிக்காமல் வந்த வார்த்தை என்று என்னால் சொல்ல முடியவில்லை. யோசித்துத்தான் சொன்னேன்.

தீபாவளிக்கு முன் கக் ரொக்கியா ஒரு பொட்டலம் கொடுத்தார். அம்மாவுக்குப் புது பாத்தேக் துணி. வேலைக்காரிக்குத் தான் உடுத்திக் கழித்த ஒரு பாஜு, மலாய்ப் பெண்கள் போடும் நீளச் சட்டை, துவைத்து மடித்தது. நல்ல மனசோடு கொடுத்தது. பொட்டலத்தை அப்படியே அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா பிரித்தார். பாஜுவின் கழுத்துப் பட்டியை விரலால் தடவிப் பார்த்தார்.

“இது உடுத்துன உடுப்பாச்சே. யாருக்கு?”

சொன்னேன். பாக்கியம் அங்கேயேதான் எலுமிச்சை நறுக்கிக்கொண்டிருந்தார். நறுக்குவதை நிறுத்தவில்லை. “கெட்டித் துணிதான், அக்கா. பால் வெட்டுக்காட்டுக்குப் போட்டுப் போலாம்,” என்றார். அம்மா பாஜுவைப் பழையபடி மடித்தார்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் இருவரும் அலுவலகத்துக்கு வந்துவிட்டார்கள். அம்மாவுக்கு மலாய் சரியாக வராது. பஸ்ஸில் பாக்கியத்திடமே கேட்டுப் பாடம் செய்துகொண்டு வந்திருப்பார் என்று நினைக்கிறேன். மடித்த பாஜுவைக் கக் ரொக்கியாவின் மேசைமேல் வைத்துவிட்டு, பாக்கியத்தின் முழங்கையைப் பிடித்து முன்னால் இழுத்தார்.

“இனி புக்கான் ஒராங் காஜி. இனி மடு சாயா.”

இவள் வேலைக்காரி இல்லை, என் சக்களத்தி. கக் ரொக்கியா முதலில் தன் மேசைமேல் இருந்த பாட்டிலைப் பார்த்தார். பிறகு பாக்கியத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எழுந்து வந்து இரண்டு பேர் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். தட்டச்சு செய்துகொண்டிருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

பாக்கியம்தான் அம்மாவின் காதில், “மெதுவா, அக்கா. மடு விக்க வந்திருக்குன்னு நினைச்சு யாராச்சும் என்னை வாங்கிட்டுப் போயிரப் போறாங்க,” என்றார்.

பஸ் நிலையத்துக்கு அவர்களோடு நடந்தேன். திட்டினால் தேவலை என்று இருந்தது. யாரும் திட்டவில்லை. சாப்பாட்டுக் கடையில் உட்கார வைத்து, “என்ன குடிக்கிறீங்க, சின்னம்மா?” என்று கேட்டேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோல் இருந்தது.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “என்ன தம்பி, புதுசா இருக்கு? பாட்டில் கூட ரெண்டு வேணுமா?”

தேநீர் வந்ததும் அம்மா அதை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

இந்தக் கதையைக் கல்யாண வீடுகளில் எத்தனையோ முறை சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். அம்மாவின் மலாய், கக் ரொக்கியாவின் முழி, எல்லாம் நடித்துக் காட்டுவேன். நான் வேலைக்காரி என்று சொன்ன விஷயமும் பழைய பாஜுவும் அந்தக் கதையில் வராது. அம்மா வீம்புக்கு வந்து நின்றதாகத்தான் கேட்டவர்கள் நினைத்திருப்பார்கள். இன்றுதான் முழுதாகச் சொல்கிறேன்.

சின்னம்மாதான் முதலில் போனார். கொள்ளி நான் வைத்தேன். பிறகு ரப்பரை அழித்து, எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டார்கள், லயத்தை இடித்தார்கள். ஜாவாக்காரர் வீடு இருந்த இடத்தில் இப்போது பெட்ரோல் நிலையம். அம்மா என்னோடு வந்துவிட்டார். ஒரு முறை நல்ல தேனும் ஒரு கிலோ சிலிபாடியும் வாங்கி வந்து, பழையபடி செய்யுங்களேன் என்றேன். மிளகாயைக் காய வைத்தார். வறுக்கவில்லை. சில நாள் கழித்து மறுபடி கேட்டேன்.

“லயத்துல தடுப்புச் சுவர் பாதியோட நின்னுரும், தெரியுமில்ல? இங்கிட்டு வறுத்தா அங்கிட்டு அவ இருமுவா. பேசாத காலத்துலயும் அது ஒண்ணு கேக்கும், ஆளு இருக்குன்னு தெரியும். இங்க வறுத்தா யாரு இருமுறது?”

எங்கள் வீட்டுச் சுவர்கள் கூரைவரை கட்டியவை.