முப்பத்தேழு மஞ்சள் அம்புகள்

எங்கள் ஊரில் நடப்பது லேசான காரியமில்லை. காலுக்கு ஒன்றும் வராது, ஜனங்கள்தான் விடமாட்டார்கள். வலங்கைமான் சாலையில் பத்தடி வைப்பதற்குள் ஒரு பைக் பக்கத்தில் வந்து நிற்கும். "ஏறுங்கக்கா, எங்க போவணும்?" எங்கேயும் போகவில்லை, சும்மா நடக்கிறேன் என்றால் முகத்தில் கவலை வந்துவிடும். "வண்டி ரிப்பேரா?" என்பார்கள். இல்லை என்றால் "சுகரா?" என்பார்கள். சுகருக்காக நடப்பவர்களுக்கு எங்கள் ஊரில் மன்னிப்பு உண்டு. எனக்கு அந்த வியாதியும் இல்லை.

இருபத்திரண்டு வருஷம் இங்கிலாந்தின் வடக்கே ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்துவிட்டு, மூன்று வருஷத்துக்கு முன் ஊருக்குத் திரும்பினேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். தம்பி குடும்பம் திருச்சியில். வீட்டில் நாலு அறை, ஒரே ஆள். தனியாக இருந்தேன். அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. பகல் எப்படியோ போய்விடும். சாயங்காலமானால் கூடத்தில் டிவியை ஓடவிட்டுவிட்டு உள் அறையில் போய் உட்கார்ந்துகொள்வேன், வீட்டில் யாரோ பேசிக்கொண்டிருப்பது போல இருக்கட்டும் என்று.

அங்கேயும் தனிதான். ஆனால் அங்கே நடை இருந்தது. வார்டில் கூட வேலை பார்த்தவர்கள் ஞாயிற்றுக்கிழமைதோறும் மலைமேல் நடக்கப் போவார்கள். என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். மரமே இல்லாத மேட்டு நிலம், கண்ணுக்கெட்டிய மட்டும் ஊதாப் பூப்பூத்த குத்துச்செடி, நடுநடுவே கறுப்பாகச் சதுப்பு. முதல் நாளே ஒருத்தி அதில் முழங்கால்வரை இறங்கிவிட்டு அலறினாள். வெடுக்கென்று இழுக்காதே, குதிகாலை அசைத்துக் கொஞ்சம் காற்றை உள்ளே விடு, அப்புறம் எடு என்று சொல்லிக்கொடுத்தேன். சின்ன வயதில் நடவு வயலில் இறங்கினவளுக்குச் சேற்றிலிருந்து காலை எடுக்கத் தெரியாதா? அதற்கப்புறம் சதுப்பு வந்தால் என்னைத்தான் முன்னால் விடுவார்கள். சதுப்பைத் தாண்டினால் காடு, காட்டைத் தாண்டினால் மறுபடியும் மேடு. வழி தவறாது. கல்லிலும் கம்பத்திலும் மஞ்சள் அம்புக்குறி போட்டு வைத்திருப்பார்கள்.

எனக்குப் பிடித்தது மலையோ காடோ இல்லை. அந்த அத்துவானத்தில் திடீரென்று எதிரே ஓர் ஆள் வருவார். முன்பின் தெரியாதவர். ஹலோ என்பார், மேலே காற்று பலமாக அடிக்கிறது என்பார், போய்விடுவார். அவ்வளவுதான். அதற்காகவே ஆறு மணி நேரம் நடப்பேன்.

ஊருக்கு வந்த பிறகு எனக்கென்று ஒரு வழி கண்டுபிடித்தேன். வீட்டுக் கொல்லையிலிருந்து இறங்கினால் வாய்க்கால் கரை. அரை மணி நேரம் போனால் வயல் வரப்பு. அப்புறம் கோரையும் சம்பும் மண்டிய ஒரு பள்ளம், கோடையில்கூடக் காயாது. அதைச் சுற்றிக்கொண்டு போனால் ஆற்றங்கரைத் தேக்கு மரங்கள், கடைசியில் மூங்கில் தோப்பு. போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். மலைதான் இல்லை. எங்கள் பக்கத்தில் உயரம் என்றால் கோபுரமும் தண்ணீர்த் தொட்டியும்தான்.

கூட வர ஆள் கேட்டுப் பார்த்தேன். பக்கத்து வீட்டம்மா "எதுக்கு?" என்றார். ரிட்டயரான தலைமையாசிரியர் ஒருவர், தார் ரோடு என்றால் வருகிறேன் என்றார். பொங்கலுக்கு வந்திருந்த தம்பி மனைவி "பாம்பு இருக்கும் அண்ணி" என்று முடித்துவிட்டாள். பாம்பு இருக்கத்தான் செய்தது. அதுவும் என்னைக் கண்டால் நிற்காமல் போய்விடும்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. என்கூட யாரும் வர வேண்டாம். வழி தெரிந்தால் தங்கள் பாட்டுக்கு நடக்கலாமில்லையா? நடந்தால் என்றைக்காவது ஒருநாள் எனக்கு எதிரே வருவார்களில்லையா? அரை லிட்டர் மஞ்சள் பெயிண்டு வாங்கி வந்து, ஆவணிக் கடைசியில் நாலு நாள், பெயிண்டு சீக்கிரம் காயட்டும் என்று ஆளரவமில்லாத உச்சி வெயிலில் உட்கார்ந்து அடித்தேன். மதகுச் சுவர், தென்னை, பனை, இடிந்த பம்புசெட் கொட்டகை, வரப்பில் கிடந்த கல், ஒன்றையும் விடவில்லை. உள்ளங்கை அளவு வட்டம், நடுவே அம்பு. மொத்தம் முப்பத்தேழு. அழகாகவே இருந்தன. ஐந்தாம் நாள் சளி பிடித்துக் காய்ச்சலாகிவிட்டது. இரண்டு வாரம் வீட்டுப் படி இறங்கவில்லை. இந்நேரம் யாராவது நடந்து பார்த்திருப்பார்களா என்று நினைத்துக்கொண்டே ஆவி பிடித்தேன்.

உடம்பு தேறிக் கொல்லைக்குப் போன அன்று, வேலிக்கு அந்தப் பக்கத்து வயல் எனக்கு என்னவோ போலிருந்தது. அந்த வயல்காரரை நான் மனசுக்குள் மூணு மாக்காரர் என்றுதான் சொல்வேன். மூன்று மா என்றால் ஒரு ஏக்கர். அவருடைய அப்பா அம்மா கடைசிவரை அடுத்தவர் வயலில் கூலிக்கு இறங்கியவர்கள். இவர் வளைகுடாவில் ஆறு வருஷம் வெல்டிங் அடித்து அந்த மூன்று மாவைக் கிரயம் முடித்தார். தினம் காலையில் வரப்பில் நின்று ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் டீ குடிப்பார். அவர் வயல் சேறடித்து வைத்தபடியே சும்மா கிடந்தது. ஓரத்து நாற்றங்காலில் நாற்று வளர்ந்து நுனி மஞ்சளடித்திருந்தது.

"நாத்து முத்திப்போவுதே, நடலையா?" என்று வேலியோரம் நின்று கேட்டேன்.

"நட்டு என்னக்கா பண்றது? நிலம்தான் போவப்போவுதே."

"எங்க போவுது?"

"உங்களுக்குத் தெரியாதா? குறி போட்டுட்டுப் போயிட்டாங்க. வாய்க்கால்லேருந்து ஆத்தங்கரை வரைக்கும் மஞ்சப் பெயிண்டு. என் வாய்க்கால் வரப்புலயே ரெண்டு இருக்கு. ரோடா, குழாயா, ஒண்ணும் புரியல. தாலுக்கா ஆபீஸ்ல எங்களுக்குத் தகவல் இல்லைங்கறாங்க. ரெண்டு வாரமா ஊரே இதத்தான் பேசுது. நாளைக்குக் கலெக்டர்கிட்ட மனு குடுக்கப் போறோம்."

இந்தப் பக்கத்தில் பெயிண்டுக்கு ஒரே அர்த்தம்தான். முன்னறியாத ஆட்கள் வந்து அளப்பார்கள், குறி போடுவார்கள், போய்விடுவார்கள். காகிதம் பின்னால் வரும். இங்கே பிறந்து வளர்ந்த எனக்கு அது தெரியாமலில்லை, மறந்துபோயிருந்தது. ஆனால் வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நிமிஷம் முதலில் வலித்தது அது இல்லை. ஊரே இரண்டு வாரமாகப் பேசியிருக்கிறது, என்னிடம் ஒருவர்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் வலித்தது.

அவரிடம் ஒன்றும் சொல்லாமல் உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். வாயைத் திறக்காமல் இருந்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். அந்த நாற்று கண்ணிலேயே நின்றது. இன்னும் நாலைந்து நாள் போனால் அதைப் பிடுங்கி மாட்டுக்குத்தான் போட வேண்டும்.

மறுநாள் காலை, கலெக்டரிடம் மனு கொடுக்க பஸ் ஸ்டாப்பில் கூடியிருந்தவர்களிடம் போய், நான்தான் அடித்தேன் என்றேன்.

"எதுக்குக்கா?"

"நடக்கறதுக்கு."

"நடக்கறதுக்குக் காலு போதாதா? பெயிண்டு எதுக்கு?" என்றது ஒரு குரல். நாலு பேர் சிரித்தார்கள். சிரிக்காதவர்கள் அதிகம். "ரெண்டு வாரமா எங்க வீட்டுல சோறு இறங்கல. உங்களுக்கு விளையாட்டா?" என்றார் ஒருவர். இன்னொருவர், "யாரு சொல்லி அடிச்சீங்க? உண்மையச் சொல்லுங்க" என்றார். அங்கேதான் எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எனக்கு யாரு என்ன சொல்றாங்க? இந்த ஊர்ல எனக்கு யாராவது எதையாவது சொல்றீங்களா?" என்று கத்திவிட்டேன். தப்பு என் பேரில், கோபமும் எனக்கே. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

கடைசியில், நானே என் கையால் எல்லாவற்றையும் அழிப்பது, அவர்கள் கூட வந்து பார்ப்பது என்று முடிவாயிற்று. தின்னர் பாட்டில், கம்பி பிரஷ், ஓர் அரிவாள் சகிதம், மூணு மாக்காரரையும் சேர்த்துப் பதினோரு பேர் கிளம்பினோம்.

வரப்பில் ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். நான் முன்னால் போனேன். முதல் ஐந்தாறு குறியை நானே சுரண்டினேன். அப்புறம் ஒரு பெண் பிரஷை வாங்கிக்கொண்டு, நீங்க மூச்சு வாங்குறீங்க என்றாள். கோரைப் பள்ளத்தில் நீர்க்கோழி எழும்பியதும் ஆளுக்கொன்று சொல்ல ஆரம்பித்தார்கள். யாரோ கடலை மிட்டாய் எடுத்து நீட்டினார்கள். தேக்கு நிழலில் உட்கார்ந்தோம். "இந்தப் பக்கமெல்லாம் நான் வந்ததே இல்லக்கா" என்றாள் அந்தப் பெண். மூன்று வருஷமாக நான் கேட்டது இதைத்தான். பிரஷைத் திரும்ப வாங்கி ஒவ்வொரு குறியையும் மெதுவாகச் சுரண்டினேன். பெயிண்டு போன பிறகும் சுரண்டினேன்.

முப்பத்தேழாவது, மூங்கில் தோப்புக்கு முன்னால் ஒரு கல்லில். அதுவும் போயிற்று. அவ்வளவுதானா என்று கேட்டார்கள். ஆமாம் என்றிருக்க வேண்டும். "உள்ள இன்னும் ரெண்டு இருக்கு" என்றேன்.

பொய். நம்பி எல்லோரும் தோப்புக்குள் நுழைந்து, சருகை விலக்கி, ஒவ்வொரு தூராகக் குனிந்து பார்த்தார்கள். நானும் அவர்களோடு தேடுவது போல நடந்தேன். சந்தோஷமாக இருந்தேன்.

மூணு மாக்காரர் என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, முப்பத்தேழுதான்."

நான் அடுத்த தூரின் சருகை விலக்கினேன்.

"குறியப் பாத்த மறுநாள்லேருந்து தினம் காலையில இந்த வழியா நடந்தேன். யாரு யாரு வயல் போவுதுன்னு பாக்கணும்ல. அம்பு காட்டுன பக்கமே வருவேன், அந்தக் கல்லு வரைக்கும். அப்படியே திரும்பிடுவேன்."

"தனியாவா?"

"தனியாத்தான்."

கோபமாகச் சொல்லவில்லை. மற்றவர்களைப் பார்த்து, "அக்காவுக்கு எண்ணிக்கை தப்பிடுச்சு. இங்க ஒண்ணுமில்ல, வாங்க. நாத்துப் பறிக்க ஆள் சொல்லணும்" என்று குரல் கொடுத்தார். எல்லோரும் வேகமாகத் திரும்பினார்கள்.

நான் தோப்பை விட்டு வெளியே வந்து அந்தக் கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். இரண்டு வாரம் என் அம்புகளைப் பார்த்துப் பார்த்து ஒரு மனிதர் நடந்திருக்கிறார், நிலம் போகப்போகிறதே என்ற பயத்தோடு. நான் கட்டிலில் கிடந்து, யாராவது நடக்க மாட்டார்களா என்று ஏங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். காய்ச்சலோடு ஒரே ஒரு நாள் காலையில் எழுந்து போயிருந்தால் போதும், அவர் எனக்கு எதிரே வந்திருப்பார்.