விடியாத வியாழக்கிழமை

ஆங்கிலத்தில் ‘கன்சீட்’ என்று ஒரு வினைச்சொல் உண்டு. என் மனைவி ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியை. அரையாண்டு விடுமுறையில் பிள்ளைகளுக்காகச் சொல் அட்டைகள் எழுதிக்கொண்டிருந்தவள், அந்தச் சொல்லில் நின்றுவிட்டாள். ஒவ்வோர் அட்டையிலும் ஒரு சொல், அதன் தமிழ்ப் பொருள், ஒரு வாக்கியம். வாக்கியம் எங்கள் ஊரில் நடக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது அவளே வைத்துக்கொண்ட விதி. பனிப்பொழிவும் ஆப்பிள் தோட்டமும் வந்தால் அட்டையைக் கிழித்துவிடுவாள்.

“ஒப்புக்கொள்னு எழுதட்டுமா?” என்றாள்.

“பத்தாது.”

திருடன் ஸ்டேஷனில் செய்வதும் ஒப்புக்கொள்வதுதான். சம்பந்தம் பேசப் போன இடத்தில் பெண் வீட்டார் செய்வதும் ஒப்புக்கொள்வதுதான். கன்சீட் செய்ய முதலில் ஒரு வழக்கு வேண்டும். ‘இல்லை, இல்லை’ என்று நின்றவர் ஒரு கட்டத்தில் ‘சரி, நீ சொல்வதுதான்’ என்று இறங்கி வர வேண்டும். ஓட்டு எண்ணி முடியும் முன்பே தோல்வியைச் சொல்லிவிடும் வேட்பாளர் செய்வது அது. பிடித்து வைத்திருந்த உரிமையை மனமில்லாமல் அடுத்தவர் கையில் விடுவதும் அதுதான். கால்பந்தில் எதிரணிக்கு ஒரு கோல் விட்டுவிட்டால்கூட அந்தச் சொல்லைத்தான் போடுகிறார்கள். எனக்குத் தெரிந்ததையெல்லாம் அடுக்கினேன். அகராதி படிப்பது எனக்குப் பொழுதுபோக்கு.

“அம்புட்டும் சரி. நம்ம ஊரு வாக்கியம் ஒண்ணு சொல்லுங்க.”

யோசித்தேன். வரவில்லை. “நம்ம ஊருல எவன் ஒத்துக்கிட்டான்?”

“வீட்டுலயே ஒத்துக்கிற ஆளக் காணோம். நீங்க ஊருக்குப் போயிட்டீக” என்று அட்டையை ஓரமாக வைத்தாள்.

அது மார்கழி நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை. கிழமை நன்றாக நினைவிருக்கிறது. நினைவில்லாவிட்டாலும் நோட்டில் இருக்கும். தபால் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது, முத்திரைக் கட்டையில் தேதி மாற்றுவதுதான் எனக்குக் கொடுத்த முதல் வேலை. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. மழை பெய்த நாள், கண்மாய் நிறைந்த நாள், பிறப்பு, இறப்பு எல்லாவற்றையும் மணியோடு குறித்து வைப்பேன். நாளில் சந்தேகம் வந்தால் ஊரில் என் நோட்டைத்தான் கேட்பார்கள். அதில் எனக்குப் பெருமை உண்டு.

எங்கள் ஊர் ஆர்.எஸ்.மங்கலத்துக்குப் பக்கத்தில், ஒரு சிறு கண்மாயை நம்பிய நெல் ஊர். கண்மாயில் தண்ணீர் குறைந்ததும் முறை வைத்துப் பாய்ச்சுவோம். ஒரு பங்குக்கு ஒரு நாள். ஊரில் சாவு விழுந்தால் எடுத்து முடிக்கும்வரை மடையை அடைத்துவிட வேண்டும். யாருடைய முறையில் சாவு விழுந்ததோ, அவருக்கு மறுபடியும் ஒரு முழு நாள் உண்டு.

அந்த வாரம் புதன்கிழமை முறை, வாய்க்காலின் கடைசியில் வயல் வைத்திருக்கும் ஓர் அம்மாவுடையது. கணவர் இல்லை, தனியாகவே விவசாயம் பார்க்கிறவர். என்னை அண்ணன் என்பார். கதிர் பால் பிடிக்கும் நேரம். ஒரு தண்ணீர் கிடைத்தால் நெல், தவறினால் பதர். காய்ந்து கிடந்த வாய்க்காலை நனைத்துக்கொண்டு, தண்ணீர் அவர் வரப்புக்கு வருவதற்கே ஒரு பகலும் ஓர் இரவும் ஆகிவிட்டன. அப்போதுதான் ஊரில் மூத்த கொத்தனார் ஒருவர் இறந்துபோனார். மணி அதிகாலை நாலு பத்து. மடை அடைபட்டது.

வியாழன் மாலை எடுத்தார்கள். வெள்ளி காலை மடையடியில் வழக்கு. வியாழக்கிழமை முறைக்காரர் என் பெரியப்பா மகன், எனக்கு மூத்தவர்.

“சாவு வியாழக்கிழமை. எம் முறையில விழுந்திருக்கு. இன்னிக்குத் தண்ணி எனக்கு” என்றார் அவர். “ஏலே, நோட்டப் பாத்துச் சொல்லு.”

பார்த்துச் சொன்னேன். “வியாழன், அதிகாலை நாலு பத்து.”

“விடியவே இல்லையேண்ணே” என்றார் அந்த அம்மா. “விடியாம எப்பிடி வியாழக்கெழம ஆகும்?”

“ராத்திரி பன்னெண்டு மணிக்கே கிழமை மாறிருச்சும்மா.”

“அது உங்க ஆபீசுக்கு. மடைக்குமா?”

சிலர் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. “தேதி எல்லாத்துக்கும் ஒண்ணுதான்” என்றேன், கொஞ்சம் உரக்கவே. மடைக்காரர் என் அண்ணன் வயலுக்குத் திறந்துவிட்டார். அந்த அம்மா மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அடுத்த சுற்று அவருக்கு வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதுவரை பயிர் தாங்காது என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்தும் மனது ஆறவில்லை. நான் சொன்னது சரிதான் என்று காட்ட ஒரு பழைய சாட்சி இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. முறை ஓடும்போது விழுந்த சாவுகளைத் தேடிப் பழைய நோட்டுகளைப் புரட்டினேன். மூன்றாவது நோட்டில் என் அய்யா இறந்த பக்கம் வந்தது. கருக்கலில், விடியும் முன் இறந்தவர். அதன் கீழே என் கையெழுத்திலேயே இருந்தது: ‘விடியாததால் முந்தின நாள் முறைக்காரருக்கே மறுநாள் தண்ணீர் விடப்பட்டது.’

மூன்று முறை படித்தேன். என் நோட்டுகளை வேறு யாரும் திறந்து படிப்பதில்லை. அந்தப் பக்கத்தை மூடினால் விஷயமும் மூடிவிடும். நோட்டில் ஒரு தப்பு இருக்கிறது என்று நானே சொன்னால், அதற்குப் பிறகு மற்ற பக்கங்களை யார் நம்புவார்கள்?

மனைவியிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். படித்துவிட்டு அவள் கேட்டது ஒன்றுதான். “இப்பத் தண்ணி யாரு வயல்ல பாயிது?”

சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். பழைய நோட்டையும் எடுத்துக்கொண்டேன். நடக்கும்போது, வாதத்தில் தோற்றவன் வெறுமனே ‘தப்புதான்’ என்றால் முடிந்துவிடாது என்பது புரிந்தது. அடுத்தவரிடமிருந்து என் வாய் பறித்ததை அவர் கையில் திருப்பித் தந்தால்தான் அது முடியும்.

மடையடியில் அண்ணனும் மடைக்காரரும் இருந்தார்கள். வேப்பமரத்தடியில் இன்னும் நாலைந்து பேர்.

“காலையில நான் சொன்னது தப்பு” என்றேன். “கடிகாரத்தப் பாத்து எழுதிட்டேன். மடைக்கு விடிஞ்சாத்தான் மறுநாள். எங்க அய்யா சாவுக்கும் அப்பிடித்தான் விட்டிருக்காக. இந்தா, நானே எழுதிருக்கேன்.”

அண்ணன் நோட்டை வாங்கவில்லை. “ஏலே, காலைல ஒரு நோட்டு, மத்தியானம் ஒரு நோட்டா? சாயங்காலம் எந்த நோட்டக் கொண்டாருவ?”

“நோட்டு ரெண்டு. ரெண்டையும் எழுதுனவன் ஒருத்தன். அவன்தான் தப்பு.”

“உன்ன நம்பித்தானடா ஊரே நாள் பாக்குது.”

“அதனாலதாண்ணே வந்தேன்.”

அவர் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். மடைக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்தபடி, “உங்க பயிரு ஒரு நா தாங்கும். அந்தம்மா பயிரு தாங்காது. இது நோட்டுல இல்ல, நாஞ் சொல்றேன்” என்றார்.

“நீ வேற வந்துட்டியா” என்றார் அண்ணன். ஆனால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பில் இறங்கி, தன் வயலின் வாய்மடையைத் தானே மண்வெட்டியால் அடைத்தார். “நாளைக்கு எனக்கு முழு நாளு. அதையும் எழுதிக்க. மணியோட எழுது, வெயிலோடயும் எழுது.”

வாய்க்கால் நனைந்தே கிடந்ததால் தண்ணீர் இந்த முறை வேகமாக ஓடியது. பொழுது சாயும் முன் அந்த அம்மாவின் கடைசிப் பாத்திவரை எட்டிவிட்டது. அவர் சேற்றில் நின்றபடியே என்னைப் பார்த்து, “என்னண்ணே, தேதி மாறிருச்சா?” என்றார். வரப்பில் நின்றவர்களோடு சேர்ந்து நானும் சிரித்தேன்.

‘தண்ணீர் அண்ணனுக்கு’ என்று காலையில் எழுதியிருந்த வெள்ளிக்கிழமைப் பதிவை அழிக்கவில்லை. குறுக்கே ஒரு கோடு போட்டு, சரியானதைக் கீழே எழுதி, தப்பு என்னுடையது என்றும் குறித்தேன். நோட்டை இனி யாரும் சீந்த மாட்டார்கள் என்று நினைத்தேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே மடைக்காரர் வந்துவிட்டார். போன வருடம் கண்மாய் நிறைந்து வழிந்து மறுகால் போன நாளை நான் ஒரு நாள் முன்னால் எழுதியிருக்கிறேனாம். வாசித்துக் காட்டச் சொன்னார். அவர் சொன்னதே சரி. அவருக்குப் பின்னால் டீக்கடைக்காரரின் மனைவி, தன் மகள் பிறந்த நேரத்தைத் திருத்த வந்து நின்றார். இத்தனை ஆண்டுகளாக நோட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டு மட்டுமே போனவர்கள், அதில் என்ன இருக்க வேண்டும் என்று சொல்ல வந்திருந்தார்கள்.

தை கடைசியில் அந்த அம்மா வயலில் அறுவடை நடந்தது. நாளையும் மணியையும் நான் எழுதிவிட்டு, சரியா என்று அவரையே வாசிக்கச் சொன்னேன். அவர் ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, எழுத்துக் கூட்டி மெல்ல வாசித்தார்.

“சரியா இருக்கு” என்றார். “ஆனா வெள்ளன ஆறு மணின்னு போட்டிருக்கீக. நாங்க அஞ்சரைக்கே எறங்கிட்டோம்.”

பேனாவை அவரிடம் கொடுத்தேன்.