தலைவர் இல்லாத அரை மணி நேரம்

நம் ஊர்ச் சங்கங்களில் பதவி முடிந்தவர் வீட்டுக்குப் போவதில்லை. கௌரவ ஆலோசகர் ஆகிவிடுவார். மாலை, மேடையில் நாற்காலி, ‘இரண்டே நிமிடம்’ என்று ஆரம்பிக்கும் பேச்சு எல்லாம் அப்படியே தொடரும். அவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல். அதனால்தான் எங்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவி செய்ததை இன்றும் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

உலு திராம் என்ற ஊர்ப்பக்கம் சின்னத் தமிழ்ப்பள்ளி. நான் செயலாளர். அக்கா என்று நாங்கள் கூப்பிட்ட தலைவிக்குப் பக்கத்து ஊரான தெப்ராவில் தொழிற்சாலை ஷிப்ட் வேலை. அவருடைய ஒரே மகன் ஆறாம் ஆண்டு முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போய்விட்டான். பிள்ளை படிக்காத பள்ளியில் பதவிக்கு நிற்க முடியாது. ஆனால் ஆண்டுக் கூட்டம் வரை பழைய செயற்குழுதான். வேறொருவராக இருந்தால் அந்தச் சில வாரங்களைக் கொட்டாவி விட்டே கழித்திருப்பார்.

அந்த நேரம் பார்த்து, செம்பனைத் தோட்டத்துப் பிள்ளைகளை ஏற்றிவந்த வேன் நின்றுபோனது. வேறு வேன் கிடைக்காவிட்டால் பக்கத்து மலாய்ப் பள்ளிக்கு மாற்றிவிடுவோம் என்று பெற்றோர்கள் சொல்லிவிட்டார்கள். போகப்போகிறவர் எதற்கு அலைய வேண்டும், புதுக் குழு பார்த்துக்கொள்ளட்டும் என்று நான்கூடச் சொன்னேன்.

“இன்னும் முடியலயே தங்கச்சி,” என்றார். ஷிப்ட் முடிந்த கையோடு வேன்காரர்களைத் தேடிப் போனார். கடைசியில் ஒருவர், கூட்டத்தன்று வந்து பதில் சொல்வதாக அரைமனதாகச் சொன்னார்.

கூட்டத்தன்று அந்த வேன்காரர் வந்து சேர்ந்தபோது பழைய குழு கலைக்கப்பட்டு, தேர்தல் நடத்த ஓர் ஆசிரியர் மைக்கைப் பிடித்திருந்தார். அக்காவைக் கௌரவ ஆலோசகராக்கலாம் என்று யாரோ முன்மொழிய, அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, ஓட்டு இல்லாதவருக்கு இங்கே என்ன வேலை என்று வெளியே நடந்தார். அவரைத் திருப்பிக் கூட்டிவர நான் பின்னாலேயே போனேன். வாசலில் வேன்காரர் நின்றார். மதியம் வேறு பள்ளி டிரிப்பை முடித்துவிட்டுத்தான் வர முடியுமாம். அதுவரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும் என்று அக்கா வாக்குக் கொடுக்க வேண்டுமாம்.

“வருஷம் முழுக்கக் காப்பாத்த வேண்டிய வாக்குண்ணே. நான் இப்பத் தலைவர் இல்ல. கொஞ்சம் உக்காருங்க, புதுத் தலைவர் வருவாங்க.”

எனக்கு ரத்தம் கொதித்தது. ஒரு ‘சரி’ சொன்னால் குறைந்தா போய்விடுவார்? இந்த ஆள் கிளம்பிவிட்டால் அத்தனை பிள்ளைகளும் போய்விடும். அக்கா பதறவில்லை. கூட்டத்துக்கு வைத்திருந்த தேத்தண்ணியை ஊற்றிக் கொடுத்து, டயர் விலை, பாலத்து டிராபிக் ஜாம் என்று பேசியே அவரை உட்கார வைத்தார். இதற்குள் என்னை உள்ளே கூப்பிட்டார்கள். தலைவர் பதவிக்கு என் பெயரை யாரோ சொல்ல, மறுக்க நான் வாய் திறப்பதற்குள் கைதட்டியும் விட்டார்கள்.

வெளியே ஓடினேன். என்னைப் பார்த்ததும் அக்கா எழுந்தார். “இவங்கதான் தலைவர். இவங்ககிட்ட பேசுங்க,” என்றவர், ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வேன்காரர் கேட்ட வாக்கை நான் கொடுத்தேன். அவர், அக்கா பள்ளி கேட்டைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவங்க சும்மா ஒப்புக்குச் சரின்னு சொல்லியிருந்தா, நம்பாம, யோசிச்சு சொல்றேன்னு போயிருப்பேன்,” என்றார். “நாளைக்கு வேன் வரும், தலைவரே.”