குழந்தைக்காகத் தேடிய தெரு

பெங்களூரில் வாடகைக்கு வீடு தேடிப் போனால் புரோக்கர் முதலில் கேட்பது, "ஃபேமிலியா, பேச்சலரா சார்?" என்பதுதான். அதைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் தலைக்கேறும். பத்து வருஷத்துக்கு மேல் ஒரே அடுப்பில் சமைத்து, காலையில் ஒரே பாத்ரூமுக்குச் சண்டை போட்டு, ஒருத்தன் காய்ச்சலுக்கு இன்னொருத்தன் லீவு போட்டு வாழ்கிற இரண்டு ஆண்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது? நான் வாயைத் திறந்து ஏடாகூடமாக ஏதாவது சொல்வதற்குள், என்னோடு வாழ்கிற அவன் முந்திக்கொள்வான். கசின்ஸ் சார், ரெண்டு பேருக்கும் ஆபீஸ் ஒரே பக்கம் என்பான். தமிழ் எடுபடாத இடத்தில் அதையே கன்னடத்திலும் சொல்வான். அவன் குடும்பம் மாநில அரசு வேலைக்காக இங்கே வந்து மூன்று தலைமுறை ஆகிவிட்டது. கன்னடமும் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு, பொய்யும் தண்ணீர் பட்ட பாடு. நானோ இதே ஊர் மர்பி டவுன் கத்தோலிக்கன். சின்ன வயதிலிருந்து பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்து வளர்ந்தவன். பொய் சொன்னால் காது சிவந்துவிடும்.

முதலில் சர்ஜாபுரா ரோடு பக்கம் ஒரு பெரிய அப்பார்ட்மெண்டில் இருந்தோம். அங்கே யாரும் எங்களை ஒரு வார்த்தை கேட்டதில்லை. லிஃப்டில் பார்த்தால் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான். அந்த நிம்மதியே போதும் என்று பல வருஷம் கிடந்தோம்.

குழந்தை ஆசை முதலில் அவனுக்குத்தான் வந்தது. என் சித்தி மகள் குழந்தைக்கு ஞானஸ்நானம். இவனை என் 'ஃப்ரெண்ட்' என்று கூட்டிப் போயிருந்தேன். சாப்பாட்டுப் பந்தி பரபரப்பில் யாரோ குழந்தையை இவன் மடியில் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அது தூங்கிவிட்டது. பந்தி முடியும்வரை இவன் அசையவில்லை. கால் மரத்துப்போய், எழுந்திருக்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டினான். திரும்பி வரும்போது ஆட்டோவில் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னான்.

"நமக்கும் வேணும்டா."

நான் சிரித்து மழுப்பினேன். நமக்கெல்லாம் அது விதிக்கப்படவில்லை என்று நான் என்றோ மூட்டை கட்டி வைத்துவிட்ட ஆசை அது. அவன் அதைப் பிரித்துவிட்டான்.

விசாரித்துப் பார்த்ததில் இரண்டு ஆண்கள் சேர்ந்து தத்தெடுக்கச் சட்டத்தில் இடமில்லை என்று தெரிந்தது. வாடகைத் தாய்க்கும் வழியில்லை. தனியாக இருக்கும் ஆண் தத்தெடுக்கலாம், ஆனால் பையனை மட்டும்தான் தருவார்கள். சரி, என் பெயரில் மனுப் போடுவோம், காகிதத்தில் நான் ஒருத்தன், வீட்டில் இரண்டு பேர் என்று முடிவு செய்தோம். பையன் அவனை அப்பா என்று கூப்பிடுவான், என்னை டாடி என்று கூப்பிடுவான். இதற்கே ஒரு வாரம் சண்டை நடந்தது. அப்பா என்ற பட்டத்தை விட்டுக்கொடுத்தவன் நான்.

ஆனால் அந்த அப்பார்ட்மெண்டில் பிள்ளை வளர்க்க எங்கள் இருவருக்குமே மனம் ஒப்பவில்லை. நாளைக்குப் பையன் லிஃப்டில் நின்று, எங்க வீட்ல அப்பாவும் இருக்காரு, டாடியும் இருக்காரு என்று சொன்னால், அடுத்த மாடிக்காரர்கள் அவனை விளையாடக் கூப்பிடுவார்களா? எங்களுக்கு ஒளிந்துகொள்ளப் பழக்கம் உண்டு. பிள்ளைக்கு எதற்கு அந்தத் தலையெழுத்து? ஒளிய வேண்டாத ஒரு தெருவைத் தேடுவோம் என்று கிளம்பினோம். என் சொந்த மர்பி டவுனுக்குப் போக முடியாது. அங்கே என் அப்பா இருக்கிறார். கிறிஸ்துமஸுக்கு வா என்பார், கூடவே தனியா வா என்பார்.

தெருவை எடைபோட எங்களுக்கு ஒரு வழி இருந்தது. வீட்டைப் பார்ப்பதற்கு முன் அந்தத் தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்து, அந்தப் பக்கம் திருநங்கைகள் யாராவது வந்தால் தெரு அவர்களிடம் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்ப்போம். வீடு அருமையாக இருக்கும், தண்ணீர் இருபத்து நான்கு மணி நேரமும் வரும், வீட்டுக்காரர் இனிக்க இனிக்கப் பேசுவார். டீக்கடையில் ஒரே ஒரு கேலிச் சிரிப்பு கேட்கும். எழுந்து வந்துவிடுவோம். புரோக்கர்களுக்கு எங்களைக் கண்டாலே அலுத்துவிட்டது.

ஜோகுபாளையத்தில் ஒரு சந்துக்குப் போன அன்று, புதிதாகப் பிறந்த குழந்தையை வாழ்த்த ஒரு திருநங்கை வந்திருந்தார். வாழ்த்தி முடித்த பிறகு எதிர்வீட்டு வாசலில் ஒரு நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்து, அந்த வீட்டு அம்மாள் தண்ணீர் கொடுத்தார். கால் வலிக்கு என்ன தைலம் தேய்க்கிறாய் என்று இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாள் வீட்டு மாடிதான் வாடகைக்கு இருந்தது. அவன் என் தொடையில் கிள்ளினான். அன்றே பேசி முடித்துவிட்டோம்.

அந்த அம்மாளை நாங்கள் அக்கா என்றுதான் கூப்பிடுகிறோம். சர்ச் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சர். குரல் மூன்று வீடு தாண்டிக் கேட்கும். அவரிடமும் முதலில் கசின்ஸ் கதைதான் சொல்லி வைத்தோம். அந்த மழைக்காலத்தில் அவனுக்கு டெங்கு வந்தது. பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போனது. ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்று நான் அழுதுகொண்டிருந்தேன். கஞ்சி கொண்டுவந்த அக்கா தூக்குச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"சித்தப்பா பையனுக்கு யாரும் இப்டி அழ மாட்டாங்க பா. நான் ஒண்ணும் கேக்கல. நீ சாப்டியா?"

அவ்வளவுதான். அதற்குப் பிறகு எங்களைப் பற்றிச் சந்தில் யாராவது ஜாடையாகப் பேசினால், உனக்கு வேற வேலை இல்லையா என்று முகத்திலடித்த மாதிரி கேட்டு வாயை அடைத்துவிடுவார். மகள் கல்யாணப் பத்திரிகையை எங்கள் இருவர் பெயரையும் ஒன்றாக எழுதி, குடும்பத்துடன் வரவும் என்று கொடுத்தார். நான் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். என்னைப் பெற்றவர் செய்யாததை இந்தப் பெண்மணி செய்தார்.

இனி பயமில்லை என்று, அப்பா, டாடி கணக்கு வரை அக்காவிடம் சொல்லிவிட்டு மனுப் போட்டோம். வீட்டைப் பார்க்க ஒரு சமூக சேவகி வருவார் என்றார்கள். பக்கத்தில் நாலு பேரிடம் விசாரிப்பார் என்றும் சொன்னார்கள். தனியாக வாழ்கிறவன் என்று மனுவில் சொல்லியிருந்ததால், துணையோடு வாழ்கிறான் என்று தெரிந்தால் மனு நிற்காது. அதற்காக வீட்டையே மாற்றி வைத்தோம். அவன் சட்டைகள் உள்ளறை பீரோவுக்குப் போயின. சுவரில் இருந்த படங்கள் இறங்கின. நான்தான் சோப்பை எடுத்து வைத்தது முதல் செருப்பை ஒளித்தது வரை எல்லாம் செய்தேன். அவன் மூட்டைபோல் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு சந்தாபுராவில் இருக்கும் அவன் கூடப்பிறந்த அக்கா வீட்டுக்குக் கிளம்பினான். கிளம்பும்போது, நான் செத்துப்போன மாதிரி துடைச்சு வச்சிருக்கடா என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்கு முன்பே, கீழ்வீட்டு அக்காவிடம் என்ன சொல்வது என்பதுதான் எங்களைக் குடைந்தது. எங்களைப் பற்றிக் கேட்டால் ஒன்றுமில்லை, வெறும் சொந்தக்காரர்கள் என்று சொல்லிவிடுங்கள் என்று எப்படிக் கேட்பது? எங்களை இருவராக ஏற்றுக்கொண்ட ஒரே மனுஷியிடமே அந்தப் பொய்யைச் சொல்லச் சொல்வதா? எங்கள் இருவருக்குமே நாக்கு எழவில்லை. கடைசியில், ஒருத்தங்க விசாரிக்க வருவாங்க, நல்லபடியா நாலு வார்த்தை சொல்லுங்கக்கா என்று மட்டும் சொன்னோம். மீதியை அவரே புரிந்துகொள்வார் என்று நினைத்தோம்.

வந்தது ஒரு சின்னப் பெண். நல்ல பெண். வீடு முழுக்கப் பார்த்தார். பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், நான் ஆபீஸ் போனால் குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்றெல்லாம் கேட்டார். ஜன்னலுக்குக் கம்பி போட்டிருப்பதைப் பார்த்து, இப்பவே ரெடி பண்ணிட்டீங்களா சார் என்று சிரித்தார். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அப்புறம் கீழே இறங்கிப் போனார். நான் மாடிப்படியில் நின்றேன். அக்கா குரலுக்கு ஒட்டுக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

"ரெண்டும் தங்கமான பசங்க மா. கல்யாணம் கட்னவங்ககூட இவ்ளோ ஒத்துமையா இருக்க மாட்டாங்க. ஒருத்தனுக்குத் தலவலின்னா இன்னொருத்தன் சாப்பிட மாட்டான். புள்ள வந்தா இவன் டாடி, அவன் அப்பா. அதெல்லாம் இப்பவே பேசி வச்சிட்டாங்க. ஒரு அப்பன் கிடைக்காத புள்ளைக்கு ரெண்டு பேரு கிடைக்கிறாங்க. இதுக்கு மேல இன்னா வேணும் சொல்லு."

அக்கா நாங்கள் கேட்டதைத்தான் செய்தார். நல்லபடியாகச் சொல்லுங்கள் என்றோம், தனக்குத் தெரிந்ததிலேயே நல்லதை எடுத்துச் சொன்னார். எதையும் மறைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அவர் கண்ணுக்கு எங்களிடம் மறைக்கும்படி ஒன்றுமே இல்லாமல் போய்விட்டது. அதைத் தேடித்தானே நாங்கள் அந்தச் சந்துக்கு வந்தோம்.

அந்தப் பெண் மேலே வந்தார். முகம் வாடியிருந்தது. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, கீழ இருக்கிற அம்மா சொன்னதெல்லாம் சரிதானா சார் என்று கேட்டார். அவன் இருந்திருந்தால் நொடியில் சமாளித்திருப்பான். பொய் சொல்லத் தெரிந்தவனை நானே பையோடு அனுப்பி வைத்திருந்தேன். அந்தம்மா ஏதோ தப்பாகப் புரிந்துகொண்டார்கள் என்ற வாக்கியம் எனக்கும் நாக்கு நுனி வரை வந்தது. அதைச் சொன்னால் அக்காவை ஒன்றும் தெரியாதவராக்கிவிட வேண்டும். ஆஸ்பத்திரி வராந்தாவில் கஞ்சியோடு நின்றவரை. என்னால் முடியவில்லை. காது சிவந்தபடி சும்மா நின்றேன். அந்தப் பெண்ணுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

"காதுல விழாத மாதிரி என்னால போக முடியாது சார். சாரி. வீடு எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது," என்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. திட்டுவதற்குக்கூட எனக்கு ஆள் கிடைக்கவில்லை.

சாயந்திரம் அவன் வந்தான். படியேறும்போதே விசில் அடித்துக்கொண்டு வந்தான். நான் சொன்னதும் பையைக்கூட இறக்கி வைக்காமல் நின்றான். அக்கா மேல் கோபப்படுவான் என்று பயந்தேன். அவன், அப்பா, டாடின்னு அப்படியே சொன்னாங்களா என்று மட்டும் கேட்டான். ஆமாம் என்றேன். வாய்விட்டு அழுதான். அவன் அப்படி அழுது நான் பார்த்ததில்லை, அவன் அம்மா போனபோதுகூட.

சில நாட்களில் மனுவை ஏற்க முடியாது என்று பதில் வந்தது. நான் தனியா வீடு பார்த்துப் போயிடறேன், கொஞ்ச வருஷம் கழிச்சு நீ வேற இடத்துல மறுபடி போடு என்று அவன் ஆரம்பித்தான். எனக்கு வந்ததே கோபம், கையில் இருந்த தட்டை வீசிவிட்டேன். பிள்ளைக்கு இரண்டு பேர் வேண்டும் என்று தொடங்கிய விஷயம், உன்னை வெளியே அனுப்பிவிட்டு யாருக்கு நான் அப்பனாவது என்று கத்தினேன். அந்தப் பேச்சு அத்தோடு நின்றது. யாரும் செத்துப்போகவில்லை, எங்களுக்கென்று ஒரு பையன் இன்னும் பிறந்திருக்கக்கூட மாட்டான். ஆனாலும் வீட்டில் துக்கம் நடந்த மாதிரிதான் இருந்தது. சாப்பிட உட்காருவோம், சாப்பிடாமல் எழுந்துவிடுவோம்.

அக்காவுக்கு நாங்கள் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் அந்தக் குரல் அடங்கிவிடும். இனி எங்களைப் பற்றி யாரிடம் பேசினாலும் யோசித்து யோசித்துப் பேசுவார். பயம் இல்லாமல் எங்களைச் சொல்ல உலகத்தில் ஒருவர் இருக்கிறார், அவருக்கும் நாங்களே பயத்தைக் கற்றுக்கொடுப்பதா? அதனால் அவர் கேட்கும்போதெல்லாம் ஃபைல் நகரவில்லை, லேட்டாகும் என்று சொல்லி வைத்தோம். பொய்தான். இந்தப் பொய்யை இப்போது நானும் நன்றாகவே சொல்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்துகொண்டிருந்தேன். அவன் வாசல் கேட் பக்கத்தில் நின்று வண்டி துடைத்துக்கொண்டிருந்தான். அக்கா எங்கள் இருவரையும் பிடித்துக்கொண்டார். ஒரு குழந்தையைத் தர இவர்களுக்கு இத்தனை நாளா என்று சத்தம் போட்டார். பிறகு புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னார்.

"ஆபீஸ் எங்க கீதுன்னு சொல்லு. நாளைக்கு ஸ்கூலுக்கு லீவு போட்டு நானே வரேன். அந்தப் பொண்ணுகிட்ட சொன்ன மாதிரியே பெரிய ஆபீசர்கிட்டயும் ஒண்ணு விடாம சொல்றேன். நீங்க ரெண்டு பேரும் எப்டி இருக்கீங்கன்னு தெரிஞ்சா எவனுக்குப் பா மனசு வராது?"

நான் அவனைப் பார்த்தேன். அவன் ஈரத் துணியைப் பிழிந்துகொண்டே, "சரிக்கா, தேவைப்பட்டா கூப்பிடறோம்" என்றான்.